எக்ஸ்ரே தற்செயலாகக் கிடைத்ததா?

"ராண்ட்ஜன் வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தபோது எக்ஸ்ரே தானாக வந்து மாட்டியது, அப்படியிருக்க அவருக்கு ஏன் இவ்வளவு பெயர்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 22 வருடமாக எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருக்கிறேன். டிப்ளமோ படித்தபோது எங்கள் பாடத்திலும் இந்தக் கதை அரைப் பக்கம்தான். இருட்டு அறை, கறுப்பு அட்டை, ஒளிர்ந்த திரை, மனைவியின் கை, நோபல் பரிசு, அவ்வளவுதான். அதை மட்டும் படித்தால் யாருக்கும் உங்கள் சந்தேகம்தான் வரும், எனக்கும் வந்தது. வேலைக்கு வந்து, என் தலைக்கு மேலே தொங்கும் டியூப் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த எண்ணம் போனது.

எக்ஸ் கதிரை உண்டாக்கும் கண்ணாடிக் குழாயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாதிக் கதை அதில்தான் இருக்கிறது. எலக்ட்ரான்கள் நல்ல வேகத்தில் போய் எதிலாவது மோதி நின்றால்தான் எக்ஸ் கதிர் பிறக்கும். குழாயில் காற்று நிறைந்திருந்தால் அவை வேகம் எடுப்பதற்குள் மூலக்கூறுகளில் முட்டி நின்றுவிடும். அதனால் காற்றை உறிஞ்சி எடுத்தாக வேண்டும். சொல்ல எளிது, ஆனால் செய்ய இரண்டு நூற்றாண்டு ஆகியிருக்கிறது. ஜெர்மனியில் ஓட்டோ வான் கெரிக்கே காற்றை வெளியேற்றும் பம்பைச் செய்தது 1650 வாக்கில். அந்த வகைப் பம்புகளில் பிஸ்டன் ஓரமாகக் காற்று கசிந்துகொண்டே இருக்கும், ஓரளவுக்கு மேல் இறங்காது. 1838-ல் ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே அப்படிப்பட்ட பம்பால் காற்றை எடுத்த குழாயில் மின்சாரம் பாய்ச்சி, உள்ளே ஒளி பரவுவதையும், எதிர்மின்முனைக்கு அருகே மட்டும் ஓர் இருண்ட இடைவெளி இருப்பதையும் பார்த்தார். அதற்கு மேல் போக அவரிடம் நல்ல பம்பு இல்லை.

நல்ல பம்பைக் கொடுத்தவர் ஒரு கண்ணாடி ஊதும் தொழிலாளி. ஜெர்மனியின் பான் நகரத்தில் பட்டறை வைத்திருந்த ஹைன்ரிக் கைஸ்லர். 1850-களில் அவர் பிஸ்டனே இல்லாமல், பாதரசத்தை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றும் பம்பு ஒன்றைச் செய்தார். பிளாட்டினக் கம்பியைக் கண்ணாடிக்குள் காற்றுப் புகாமல் உருக்கிப் பொருத்தும் வேலையும் அவருக்குக் கைவந்தது. (கண்ணாடியும் பிளாட்டினமும் சூட்டில் ஏறக்குறைய ஒரே அளவு விரியும், அதனால் ஆறும்போது விரிசல் விடாது.) விதவிதமான வாயுக்களை அடைத்து, வண்ண வண்ணமாக ஒளிரும் குழாய்களை அவர் செய்து கொடுத்தார். அறிவியல் வரலாற்றில் இந்த மாதிரிக் கைவினைஞர்களுக்கு இன்னும் நிறைய இடம் கொடுக்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே தோன்றுகிறது. அவர் கை இல்லாவிட்டால் பின்னால் வந்த பேராசிரியர்கள் எதை வைத்துச் சோதனை செய்திருப்பார்கள்?

அப்புறம் வேகமாக நடந்தது. அதே பான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பிளக்கர், குழாயின் கண்ணாடிச் சுவரில் பச்சையாக ஓர் ஒளிர்வு வருவதையும், காந்தத்தைக் கொண்டுபோனால் அது நகர்வதையும் கவனித்தார். அவருடைய மாணவர் ஹிட்டார்ஃப் 1869-ல், இடையில் ஒரு பொருளை வைத்தால் எதிர்ச் சுவரில் நிழல் விழுகிறது என்று காட்டினார். அதாவது எதிர்மின்முனையிலிருந்து ஏதோ ஒன்று நேர்கோட்டில் கிளம்பி வருகிறது. கோல்ட்ஸ்டைன் 1876-ல் அதற்குக் கேதோடு கதிர் (கேதோடு என்றால் எதிர்மின்முனை) என்று பெயர் வைத்தார். இங்கிலாந்தில் குரூக்ஸ், காற்றழுத்தத்தைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறக்கி, சிலுவை வடிவத் தகட்டின் நிழல் கூர்மையாக விழுவதையெல்லாம் செய்து காட்டினார். அந்தக் கதிர் துகளா அலையா என்று இங்கிலாந்துக்காரர்களுக்கும் ஜெர்மானியர்களுக்கும் பெரிய வாக்குவாதம். அது எலக்ட்ரான் ஓட்டம் என்று தெளிவானது 1897-ல், ஜே.ஜே. தாம்சன் வழியாக.

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வது இனி வரும் விஷயம்தான். குரூக்ஸ் அளவுக்கு வெற்றிடம் வந்து, தூண்டல் சுருளிலிருந்து (குறைந்த வோல்ட்டை மிக அதிகமாக்கித் தரும் கம்பிச் சுருள்) பல ஆயிரம் வோல்ட் கொடுத்தாலே அந்தக் குழாயிலிருந்து எக்ஸ் கதிர் வந்துவிடும். அப்படியென்றால் 1895-க்கு முன்பு பல வருடங்களாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் எக்ஸ் கதிர் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதற்குச் சாட்சியாக ஒரு படமே இருக்கிறது. பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கூட்ஸ்பீடு என்ற இயற்பியலாளரும் ஜென்னிங்ஸ் என்ற புகைப்படக்காரரும் 1890 பிப்ரவரி 22 அன்று மின்பொறிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் கூட்ஸ்பீடு, பயன்படுத்தாத புகைப்படத் தகடுகள் மேசையில் இருக்க, குரூக்ஸ் குழாயை இயக்கிக் காட்டினார். தகடுகள்மேல் நாணயங்கள் கிடந்தன. பிறகு கழுவிப் பார்த்தால் ஒரு தகட்டில் வட்ட வட்டமாக நிழல். என்னவென்று புரியாமல் அதை எடுத்து வைத்துவிட்டார்கள். 6 வருடம் கழித்து ராண்ட்ஜனின் செய்தி வந்தபோதுதான் அந்தத் தகட்டைத் தேடி எடுத்தார்கள். அது எக்ஸ்ரே படம்! ஆனால் கூட்ஸ்பீடு கண்டுபிடிப்புக்கு உரிமை கோரவில்லை, தற்செயலாக விழுந்த படம் என்று மட்டும் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

ஆக, தற்செயல் என்று பார்த்தால் அது கூட்ஸ்பீடுக்கும்தான் வாய்த்தது.

இப்போது ராண்ட்ஜன். அவருக்கு அப்போது வயது 50, வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். அளவெடுப்பதில் மிகவும் கறாரான மனிதர் என்று பெயர் வாங்கியவர். சின்ன வயதில் நெதர்லாந்தில் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டு, சரியான சான்றிதழ் இல்லாமல் சூரிச் போய்ப் படித்து மேலே வந்தவர். 1895-ல் அவர் கையில் எடுத்தது லெனார்டு என்ற இயற்பியலாளரின் சோதனையை. லெனார்டு குழாயின் முனையில் 0.00265 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகட்டை ஜன்னல் மாதிரிப் பொருத்தி, கேதோடு கதிரைக் குழாய்க்கு வெளியே எடுத்திருந்தார். வெளிக்காற்றில் அது சில சென்டிமீட்டர்தான் போகும். ஜன்னல் இல்லாத, வெறும் கண்ணாடிக் குழாயிலிருந்தும் ஏதாவது வெளியே வருகிறதா என்று ராண்ட்ஜன் பார்க்க நினைத்தார் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். குழாயின் சொந்த வெளிச்சம் கண்ணை மறைக்கக் கூடாது என்று கறுப்பு அட்டையால் அதை முழுக்க மூடி, அறையை இருட்டாக்கி, அட்டை வழியாக வெளிச்சம் கசிகிறதா என்றும் பார்த்துக்கொண்டார். நவம்பர் 8, வெள்ளிக்கிழமை மாலை. அருகே பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய திரை ஒன்று இருந்தது. அது ஒளிர்ந்தது.

கேதோடு கதிர் எட்டவே எட்டாத தூரத்தில் அந்தத் திரை இருந்தது. அது அவருக்கு உடனே உறைத்தது, காரணம் கேதோடு கதிர் எவ்வளவு தூரம் போகும் என்பது அவருக்குத் தெரியும். தெரியாதவர் கண்ணில் பட்டிருந்தால், அட்டையில் எங்கோ ஓட்டை என்று நினைத்து அடைத்துவிட்டுப் போயிருப்பார். லெனார்டு பயன்படுத்திய திரையில் பூசியிருந்தது வேறு வேதிப்பொருள், கேதோடு கதிருக்கு ஒளிரும், எக்ஸ் கதிருக்கு ஒளிராது. இந்த இடத்தில் ராண்ட்ஜனுக்கு அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை.

ஆனால் அடுத்த 7 வாரத்தைப் பாருங்கள். அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்திலேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, கதிருக்கு நடுவே ஒவ்வொரு பொருளாக வைத்துப் பார்த்திருக்கிறார். டிசம்பர் 28 அன்று கொடுத்த கட்டுரையில் அதெல்லாம் வரிசையாக இருக்கிறது: 1000 பக்கப் புத்தகத்துக்குப் பின்னாலும் திரை ஒளிர்கிறது, இரட்டைச் சீட்டுக்கட்டைத் தாண்டியும் ஒளிர்கிறது, 2, 3 சென்டிமீட்டர் பைன் பலகை கொஞ்சமே தடுக்கிறது, 15 மில்லிமீட்டர் அலுமினியம் நன்றாக மங்கச் செய்தாலும் முழுக்க அணைத்துவிடவில்லை, ஆனால் 1.5 மில்லிமீட்டர் ஈயம் ஏறக்குறைய முழுவதையும் நிறுத்திவிடுகிறது. கருவியிலிருந்து 2 மீட்டர் தள்ளியும் ஒளிர்வு தெரிகிறது. காந்தத்துக்கு வளையவில்லை, ஆகவே இது கேதோடு கதிர் இல்லை. பட்டகத்தில் (பிரிசம்) திரும்பவில்லை, ஆகவே சாதாரண ஒளி மாதிரியும் இல்லை. கேதோடு கதிர் கண்ணாடிச் சுவரில் எங்கே மோதுகிறதோ அங்கேதான் இது பிறக்கிறது என்பதையும், காந்தத்தால் அந்த இடத்தை நகர்த்திப் பார்த்து உறுதிசெய்திருக்கிறார்.

நான் தினமும் ஈய ஏப்ரனை மாட்டும்போது அந்த 1.5 மில்லிமீட்டர் நினைவுக்கு வரும். ஈயம்தான் தடுக்கும் என்பது முதல் கட்டுரையிலேயே, எண்ணோடு, எழுதப்பட்டுவிட்டது.

கையைக் குறுக்கே நீட்டினால், சதையின் லேசான நிழலுக்குள் எலும்பின் கருநிழல் தெரிகிறது என்பதும் அதே கட்டுரையில் உண்டு. டிசம்பர் 22 அன்று மனைவி பெர்த்தாவைக் கூப்பிட்டு, தகட்டின்மேல் கையை வைக்கச் சொல்லி, சுமார் 15 நிமிடம் கதிரைப் பாய்ச்சி எடுத்ததுதான் மோதிரத்தோடு நீங்கள் பார்த்திருக்கும் அந்தப் படம். இன்று நான் ஒரு கை எக்ஸ்ரே எடுக்க ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்குள்ளேயே குழந்தைகள் அசைந்துவிடுவார்கள். 15 நிமிடம் அசையாமல் இருந்த அந்த அம்மாவை நினைத்துப் பாருங்கள்.

அவர் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். இது ஈதரில் (வெளி முழுக்க நிறைந்திருப்பதாக அப்போது நம்பிய ஊடகம்) எழும் நெடுக்கலையாக, அதாவது ஒலியைப் போல முன்னும் பின்னும் அதிரும் அலையாக, இருக்கலாம் என்று கட்டுரையின் கடைசியில் ஊகித்தார், அது தவறு. இதுவும் ஒளியைப் போன்ற அலைதான், ஆனால் மிகச் சிறிய அலைநீளம் கொண்டது என்பது, 1912-ல் லாவே என்ற ஜெர்மன் இயற்பியலாளரின் யோசனைப்படி படிகத்தில் செலுத்திப் பார்த்தபோது உறுதியானது. தெரியாததற்கு அடையாளமாக எக்ஸ் என்று வைத்த பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

1896 ஜனவரி 5 அன்று வியன்னா பத்திரிகையில் செய்தி வந்தது, அடுத்த சில வாரங்களிலேயே மருத்துவர்கள் உடைந்த எலும்பையும் உடலுக்குள் போன ஊசியையும் குண்டையும் தேட ஆரம்பித்துவிட்டார்கள். இவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணம், தேவையான குழாயும் சுருளும் ஏற்கனவே எல்லாக் கல்லூரியிலும் அலமாரியில் இருந்ததுதான். ராண்ட்ஜன் காப்புரிமை எடுக்காததும் ஒரு காரணம். வந்து கேட்ட ஒரு பத்திரிகையாளர், திரை ஒளிர்ந்ததும் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டதற்கு, நான் நினைக்கவில்லை, ஆராய்ந்தேன் என்று பதில் சொல்லியிருக்கிறார். 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு வந்தது, பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். இந்தப் பெயர் அவருக்குத் தகும் என்பதுதான் என் பதில். ஒளிர்வு கண்ணில் பட்டது தற்செயல், அதை விடாமல் பிடித்தது அவர் உழைப்பு.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இது எங்கள் தொழிலோடு சம்பந்தப்பட்டது. அந்தக் காலக் குழாய்க்கு நிலையான குணமே கிடையாது. கேதோடிலிருந்து எலக்ட்ரான் வெளியே வரக் குழாயில் கொஞ்சம் வாயு இருந்தாக வேண்டும், ஆனால் ஓட ஓட அந்த வாயு சுவரில் ஒட்டிக் குறைந்துபோகும். குறையக் குறைய அதிக வோல்ட் கேட்கும், கதிரின் ஊடுருவும் சக்தி ஏறும். காலையில் நன்றாகப் படம் கொடுத்த குழாய் சாயங்காலம் வேறு மாதிரி இருக்கும். வாயு மறுபடி வெளிவரக் குழாயைத் தீயில் வாட்டுவார்கள். அன்றன்றைக்குக் குழாய் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அப்போது இருந்த எளிய வழி, இயக்கியவர் தன் கையையே குழாய்க்கும் திரைக்கும் நடுவே நீட்டி, எலும்பு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பார்ப்பது. ஒவ்வொரு நாளும், பல முறை. முதலில் தோல் சிவந்து வெடித்தது, பிறகு ஆறாத புண், பிறகு புற்றுநோய். எடிசனின் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்ரே வேலை செய்த கிளாரன்ஸ் டாலி என்ற உதவியாளர், கைகளை வெட்டி எடுத்தும் பிழைக்காமல் 1904-ல் இறந்தார். அவருக்கு நேர்ந்த பாதிப்பைப் பார்த்து எடிசன் எக்ஸ்ரே ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். ஹாம்பர்க்கில் 1936-ல் இப்படி இறந்தவர்களுக்காக ஒரு நினைவுத்தூண் வைத்தார்கள், திறந்த நாளில் அதில் 169 பெயர்கள் இருந்தன.

இந்தத் தொல்லையை 1913-ல் தீர்த்தவர் அமெரிக்காவின் கூலிட்ஜ். டங்ஸ்டன் இழையைச் சூடாக்கினால் அதுவே எலக்ட்ரானைக் கொடுக்கும், வாயு வேண்டியதில்லை, ஆகவே குழாயிலிருந்து காற்றை முடிந்தவரை முழுக்க எடுத்துவிடலாம். இழையின் சூட்டை வைத்து எத்தனை எலக்ட்ரான் என்பதை ஒரு பக்கம், வோல்ட்டை வைத்து எவ்வளவு வேகம் என்பதை இன்னொரு பக்கம், தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். என் கன்சோலில் ஒவ்வொரு நோயாளிக்கும் நான் அமைக்கிற எம்ஏ (மில்லிஆம்பியர், மின்னோட்டம்), கேவி (கிலோவோல்ட்) என்ற இரண்டு எண்ணும் அதிலிருந்து வந்தவைதான். எண்ணைப் போட்டுவிட்டு, ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்துகிறேன். யாரும் கையை நீட்டிப் பார்க்க வேண்டியதில்லை.