பனிப்பெண் சிவாவும் பசித்த வருணனும்

கேள்வி: ஜப்பானிய ரோல்-பிளேயிங் வீடியோ கேம்களில் தத்துவம் இருக்கிறது என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நம் சிவனைப் பனிப்பெண்ணாக்கி, வருணனையும் அக்னியையும் மனிதரைத் தின்னும் பிசாசுகளாக்கி வைத்திருக்கிறார்கள். ஊரெல்லாம் சாமி பெயர்களைத் திருடி ஒட்டிவிட்டு, எண்பது மணி நேரம் லெவல் ஏற்ற வைப்பதற்குப் பெயர் தத்துவமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பனிப்பெண் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. 1990இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி மூன்றாம் பாகத்திலிருந்து சிவா என்பது, கூப்பிட்டால் வந்து எதிரிமேல் பனியைப் பொழிந்துவிட்டுப் போகும் ஒரு பெண். அதே பட்டியலில் அரபுக் கதைகளின் இஃப்ரித், நார்ஸ் புராணத்து ஓடின், விவிலியத்து லெவியதான் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். சிவா என்ற பெயரை அழித்துவிட்டு வேறு எதை எழுதினாலும் அந்த விளையாட்டில் ஒரு விதிகூட மாறாது.

அந்தக் கடைசி வாக்கியத்தையே உரைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றினால் விதி மாறுமா? மாறாது என்றால் அது அலங்காரம். மாறும் என்றால் அங்கே புராணம் வேலை செய்கிறது. நீங்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள். திருட்டு என்பதையும் நான் ஏற்கவில்லை. சரஸ்வதி பென்ஸாய்தென் ஆகவும், இந்திரன் தாய்ஷாகுதென் ஆகவும், பிரம்மா போன்தென் ஆகவும் பௌத்தத்தோடு ஜப்பான் போய் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. டோக்கியோவின் அசகுசாவில் மட்சுச்சியாமா கோயிலில் பிள்ளையார் காங்கிதென் என்ற பெயரில் இருக்கிறார். அவருக்கு முள்ளங்கி படைக்கிறார்கள். இந்தப் பெயர்கள் அவர்கள் நேற்று எட்டிப் பறித்தவை அல்ல.

இனி வருணனும் அக்னியும். நீங்கள் சொல்வது அட்லஸ் நிறுவனம் 2004, 2005இல் இரண்டு பாகங்களாக வெளியிட்ட டிஜிட்டல் டெவில் சாகா. ஜங்க்யார்ட் என்ற ஓயாத மழைநிலத்தில் குழுக்கள் ஒன்றையொன்று அழிக்கின்றன. வெல்லும் குழுவுக்கு நிர்வாணம் என்ற இடத்துக்கு வழி திறக்கும் என்று கர்மா கோயில் சொல்லியிருக்கிறது. ஒருநாள் எல்லோர் உடம்பிலும் ஆத்மா என்ற குறி எழுகிறது. நாம் ஆடும் குழுவில் செர்ஃப் வருணனாகிறான், ஹீட் அக்னியாகிறான், கேல் வாயுவாகிறான், ஆர்ஜில்லா பிருதிவியாகிறாள். கூடவே பசி வருகிறது. தோற்ற எதிரியைத் தின்னாவிட்டால் புத்தி பேதலித்துவிடும்.

இது கதையோடு நின்றிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். ஆனால் பசி இங்கே விதி. கர்மா டெர்மினலில் காசு கொடுத்து ஒரு மந்திரத்தை வாங்குகிறீர்கள். அது கைவர ஆத்மா பாயிண்ட் சேர வேண்டும். சாதாரணமாகக் கொன்றால் கொஞ்சம்தான் கிடைக்கும். வேட்டைத் திறனால் கொன்று தின்றால் அதிகம் கிடைக்கும். பயந்த எதிரிமேல் வேட்டைத் திறன் கடுமையாக விழும் என்பதால் முதலில் பயமுறுத்துவீர்கள், பிறகு தின்பீர்கள். தின்றதில் சில நேரம் வயிற்றுவலி வரும். அது தீரும்வரை அந்த ஆளுக்குப் பாயிண்ட் ஏறாது. தின்னவே கூடாது என்று ஆர்ஜில்லா கதையில் அழுது மறுக்கிறாள். அடுத்த சண்டையில் அவளுக்கு மந்திரம் ஏற வேண்டுமே என்று அவளை வைத்தே எதிரியைத் தின்ன வைப்பது உங்கள் விரல். மந்திரம் ஏறுகிறது, நீங்கள் மகிழ்கிறீர்கள். அந்த மகிழ்ச்சியைத்தான் விளையாட்டு உங்கள் முன்னால் எடுத்து வைக்கிறது.

தைத்திரீய உபநிஷதத்தின் பிருகுவல்லி ‘நானே அன்னம், நானே அன்னத்தை உண்பவன்’ என்ற பெருங்குரலோடு முடியும். உண்பதும் உண்ணப்படுவதும் ஒன்றே என்கிற ஆனந்தம் அது. அந்த ஞானம் இல்லாதவர்களுக்கு அதே உண்மை எப்படி இருக்கும் என்பதை இரண்டு பாகங்களில் வாழ்ந்து காட்டுகிறது இந்த விளையாட்டு. இரண்டாம் பாகத்தின் கடைசி எதிரியின் பெயர் பிரம்மம். பெயர்களை மாற்றிவிட்டு இதே விளையாட்டைச் செய்ய முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

எண்பது மணி நேரம் என்று அலுத்துக்கொள்கிறீர்கள். அந்த நீளத்தில்தான் இந்த வடிவத்தின் உயிர் இருக்கிறது, ஏனென்றால் இவை எதிர்பார்க்க வைக்கும் கலை. முதல் டிராகன் குவெஸ்ட் (1986) மொத்தமே 64 கிலோபைட். அரண்மனையை விட்டு வெளியே வந்ததும் தண்ணீருக்கு அக்கரையில் கடைசி எதிரியான டிராகன்லார்டின் கோட்டை தெரியும். முதல் நிமிடத்திலேயே முடிவைக் கண்ணில் காட்டிவிட்டார் அதை வடிவமைத்த யூஜி ஹோரி. அங்கே போய்ச் சேர முழு விளையாட்டும் தேவை. அதன் பிறகு வந்த நல்ல படைப்புகள் எல்லாம் அந்தக் கோட்டையை வேறு வேறு இடத்தில் வைத்துப் பார்த்தவைதான். 2001இன் ஃபைனல் ஃபேன்டசி பத்தாம் பாகம் இடிந்த ஸானர்கண்ட் நகரத்தில், பயணத்தின் கடைசிக் கட்டத்துக்கு அருகில் தொடங்கிப் பின்னால் போகிறது. ஸானர்கண்டில் நாயகி யூனாவுக்கு என்ன காத்திருக்கிறது என்பது நாயகன் டீடஸைத் தவிர கூட வருகிற எல்லோருக்கும் தெரியும். சண்டையிலும் அடுத்து யார் முறை என்ற வரிசை திரையோரத்தில் எப்போதும் நிற்கும். ஒரு கட்டளைமேல் விரலை வைத்தாலே அந்த வரிசை எப்படி மாறும் என்று காட்டும்.

எதிர்பார்ப்பை இன்னும் இறுக்கமாகக் கட்டியது பெர்சோனா 3 (2006). ஒவ்வொரு பௌர்ணமியும் ஒரு பெரிய எதிரி வரும். தேதிகள்: 2009 மே 9, ஜூன் 8, ஜூலை 7, ஆகஸ்ட் 6, செப்டம்பர் 5, அக்டோபர் 4, நவம்பர் 3. ஜப்பான் நேரப்படி இவை அந்த ஆண்டின் உண்மையான பௌர்ணமிகள். பழைய பஞ்சாங்கம் இருந்தால் ஒப்பிடுங்கள். ஜூனும் செப்டம்பரும் மட்டும் நமக்கு ஒரு நாள் முன்னதாக இருக்கும், ஏனென்றால் அவர்கள் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முந்தியவர்கள். பள்ளிக்கூடம், நட்பு, தேர்வு, இரவில் ஏறிச் சண்டையிடும் டார்டரஸ் கோபுரம் எல்லாம் அந்தத் தேதிக்கு முன்னால் முடிய வேண்டும். 2006 பதிப்பில் கோபுரம் ஏறினால் குழு களைத்துப்போகும். பௌர்ணமிக்கு முந்திய இரவு ஏறிவிட்டுத் தளர்ந்த ஆட்களோடு பெரிய சண்டைக்குப் போவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. நாலைந்து நாள் முன்பே ஏறி முடித்துவிடுங்கள்.

(அடுத்த இரண்டு பத்திகள் முடிவுகளைச் சொல்கின்றன. விளையாடப் போகிறவர்கள் தாண்டிப் போகலாம்.)

டிசம்பரில் அந்த நாட்காட்டியின் அர்த்தம் மாறுகிறது. உலகத்தின் சாவு வரப்போகிறது, தடுக்க வழியில்லை என்று தெரிந்துவிடுகிறது. டிசம்பர் 31 இரவு ஒரு கேள்வி: நண்பனாகப் பழகிய ரியோஜியைக் கொன்றால் எல்லாம் மறந்துபோகும், கடைசி நாள்வரை நிம்மதியாக இருக்கலாம். கொல்லாவிட்டால் ஜனவரி 31இல் அந்தச் சாவின் உருவான நிக்ஸை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். கொல்வதைத் தேர்ந்தெடுத்தால் விளையாட்டு உங்களைத் திட்டாது. சட்டென்று பட்டமளிப்பு நாளுக்குத் தாவும், எல்லோரும் சிரிப்பார்கள், முடிந்துவிடும். நீங்கள் ஒன்றாகப் போராடியது எதுவும் அவர்கள் நினைவில் இருக்காது. நாயகனின் முதல் பெர்சோனா (அவன் மனதிலிருந்து எழுந்து அவனுக்காகப் போராடும் உரு) ஆர்ஃபியஸ், பாதாளத்திலிருந்து திரும்பும்போது பின்னால் பார்த்து மனைவியை இழந்தவன். பார்ப்பதா வேண்டாமா என்பதே இங்கும் கேள்வி.

பெர்சோனா 4 (2008) இன்னும் துணிச்சலானது. நாயகனின் முதல் பெர்சோனா இசனாகி. 712இல் தொகுக்கப்பட்ட கோஜிகியில் இசனாகி இறந்த மனைவி இசனாமியைத் தேடிப் பாதாளம் போகிறான், பார்க்கக் கூடாததைப் பார்க்கிறான். தினம் ஆயிரம் பேரைக் கொல்வேன் என்கிறாள் அவள், தினம் ஆயிரத்து ஐந்நூறு பிறப்புகளை உண்டாக்குவேன் என்கிறான் அவன். இசனாகி திரையில் வந்த அந்தக் கணமே, கதை தெரிந்தவருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும்: இசனாமி எங்கே? ஊரை உலுக்கிய கொலைகாரன் பிடிபட்டு, மூடுபனி விலகி, ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்திய நாளான மார்ச் 20 வரும். நண்பர்களிடம் விடைபெற்று வீட்டுக்குப் போனால் முடிவுத் திரை வந்துவிடும். நிறையப் பேர் அதோடு டிஸ்க்கை எடுத்து வைத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகாமல் ஜூனெஸ் அங்காடியின் உணவரங்குக்குத் திரும்பி, விடை கிடைக்காத கேள்வியை மீண்டும் எழுப்பியவர்களுக்கே இசனாமி கிடைக்கிறாள். முதல் நாள் பெட்ரோல் பங்கில் கைகுலுக்கிய ஊழியர்தான் அவள். இந்தக் கட்டமைப்பில் புராணத்தை எடுத்துவிட்டால் கடைசிக் கதவுக்கே சாவி இல்லை. நடைமுறைக்கு: டிசம்பரில் மருத்துவமனைக் காட்சிக்கு முன் ஒரு சேவ் (அதுவரையான ஆட்டத்தின் பதிவு), மார்ச் 20க்கு முன் ஒரு சேவ், இரண்டையும் தனித்தனி இடத்தில் வையுங்கள். மருத்துவமனையில் ஆத்திரத்தில் தவறான பதிலைச் சொல்லிவிட்டால் கதை அங்கேயே மோசமாக முடியும்.

விதி, சுதந்திரம் பற்றிய தத்துவம் கேட்டால் ஸெனோபிளேட் கிரானிக்கிள்ஸ் (2010). நாயகன் ஷல்க்கின் மோனாடோ வாள் வரப்போவதை முன்கூட்டியே காட்டும். சண்டை நடுவே ஒரு காட்சி வரும்: இந்தத் தாக்குதல், இவர்மேல், இவ்வளவு சேதம், இத்தனை நொடியில். நொடிகள் ஓடிக்கொண்டிருக்கும். சண்டையில் நிறையும் பார்ட்டி கேஜ் என்ற அளவியில் ஒரு பகுதியைச் செலவழித்து நண்பனை எச்சரிக்கலாம். எதிரியைக் கீழே சாய்க்கலாம். அதன் கவனத்தை வேறொருவர்மேல் திருப்பலாம். மோனாடோ ஷீல்டு போடலாம். ஷீல்டின் லெவல் தாக்குதலின் லெவலைவிடக் குறைவாக இருந்தால் அது பயன்படாது, நண்பன் விழுந்துவிடுவான். நிறையப் பேர் இதைக் கவனிக்காமல் ஷீல்டு பழுதென்று நினைத்துக்கொள்கிறார்கள். எதிர்காலம் முன்பே எழுதப்பட்டதென்றால் அதைப் பார்ப்பவனுக்கு என்ன கடமை என்ற கேள்வியை இப்படி நூற்றுக்கணக்கான முறை கையால் பதில் சொல்ல வைத்துவிட்டு, பிறகுதான் கதை அதை வாயால் கேட்கிறது.

லெவல் ஏற்றுவதை, அதாவது திரும்பத் திரும்பச் சண்டையிட்டு ஆளைப் பலமாக்குவதைப் பற்றி. மோசமான ஜப்பானிய கேம்கள் நேரத்தை நிரப்ப அதைச் செய்யவைக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஷின் மெகாமி டென்சே III நாக்டர்னில் (2003) மாடடோர் என்ற பெரிய எதிரியிடம் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் லெவல் ஏற்றுபவர்கள் திரும்பவும் தோற்பார்கள். அவன் ரெட் கபோட் போட்டுத் தன் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றிக்கொள்வான். உங்கள் அடி தவறும். அங்கே ஒரு அடி தவறினால் நீங்கள் தாக்கும் வாய்ப்பில் இரண்டு பறிபோகும். அவன் காற்று மந்திரம் உங்கள் ஆளின் பலவீனத்தில் பட்டால் அவனுக்கு அந்த வாய்ப்பு கூடும். வழி: உங்கள் பக்கம் நின்று சண்டையிடும் பேய்களை இணைத்து, காற்றைத் தாங்கும் பேய்களை உருவாக்குங்கள், ஃபாக் பிரெத் என்ற திறனைக் கற்றுக்கொண்டு அவன் வேகத்தைக் குறையுங்கள். ஐந்து லெவல் குறைவாகவே ஜெயிக்கலாம். உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு தகவல்: இதில் சிவன் கிடைப்பது பாலித் தீவின் ரங்தாவையும் பாரோங்கையும் இணைத்தால்தான். ஓயாமல் மோதும் அழிவும் காவலும் சேரும் இடத்தில் அவரை வைத்திருக்கிறார்கள். பனிப்பெண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதும் முன் இந்தச் சிவனையும் பார்த்திருக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது? பெர்சோனா 3க்கு 2024இல் வந்த ரீலோட் பதிப்பு போதும். கணினியிலும் கிடைக்கிறது, களைப்புத் தொல்லையும் இல்லை. வழிகாட்டிக் காணொளிகளை முதல் முறை தொடாதீர்கள். அவை பௌர்ணமிக்கு முன்பே எதிரியின் பெயரைச் சொல்லிவிடும், காத்திருக்க ஒன்றும் மிச்சமிருக்காது. நாக்டர்னுக்கு எச்டி பதிப்பு உண்டு. டிஜிட்டல் டெவில் சாகா பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. டிஸ்க்காக வாங்கும்போது டிஸ்க்கின் பிராந்தியமும் உங்கள் கருவியின் பிராந்தியமும் ஒன்றா என்று பாருங்கள், இல்லையென்றால் ஓடாது. முதல் பாகத்தை முடித்த சேவை மெமரி கார்டில் அழிக்காமல் வைத்திருங்கள். இரண்டாம் பாகம் தொடங்கும்போது அதைக் கேட்கும்.