தேக்கடிப் பக்கம் வெளிநாட்டுப் பயணிகளும் நம் மொழியறிவும்: கேள்வி பதில்

குமுளி, தேக்கடி, மூணாறு பக்கம் வெளிநாட்டுப் பயணிகளை நம்பித் தொழில் செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் குமுளியில் வழிகாட்டி. ஜெர்மன்தான் எனக்குச் சோறு போடுகிற மொழி. விசா, ஓட்டல் லைசென்ஸ் பற்றி வந்தவற்றை விட்டுவிட்டேன். அது என் துறை கிடையாது.

கம்பம், பட்டதாரி: ஆங்கிலம் நன்றாகப் பேசுவேன். அது போதாதா?

வேலைக்குச் சேரப் போதும். ஆனால் குமுளியில் ஜீப் ஓட்டுகிறவரும் ஏலக்காய் விற்கிறவரும் ஆங்கிலம் பேசுகிறார்கள். பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் குழுவாக வருகிறவர்களில் பலர் ஓய்வுபெற்றவர்கள். பாதி நாள் ஆங்கிலத்தில் விளக்கம் கேட்டாலே களைத்துப்போவார்கள். அதனால்தான் பயண நிறுவனங்கள் அந்தந்த மொழி தெரிந்த வழிகாட்டியைத் தேடுகின்றன. வழக்கமான கூலிக்கு மேல் மொழிப்படியும் தருகின்றன.

குமுளி, கடை ஊழியர்: ஜெர்மன் எங்கே படிக்கலாம்? எதுவரை படிக்க வேண்டும்?

சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன், திருவனந்தபுரத்தில் கோத்தே சென்ட்ரம். பிரெஞ்சு என்றால் அலியான்ஸ் பிரான்சேஸ். சென்னை, புதுச்சேரி, திருவனந்தபுரம் மூன்றிலும் உண்டு. ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிகள் ஏறும். கடைக்கு ஏ2 போதும். வழிகாட்டிக்கு பி1 இல்லாமல் ஆகாது.

எங்கே படித்தாலும் எண்ணையும் மணியையும் முதலில் கரைத்துக் குடியுங்கள். ஜெர்மன்காரர் 25-ஐ ‘ஐந்தும் இருபதும்’ என்றுதான் சொல்வார். அவசரத்தில் காதில் 52 என்று விழும். பிரெஞ்சில் 80 என்பது ‘நாலு இருபது’, 95 என்பது ‘நாலு இருபது பதினைந்து’. மணி இன்னும் மோசம். ஜெர்மனில் ‘ஹால்ப் ஃபியர்’ என்றால் நாலாவது மணியில் பாதி, அதாவது 3.30. பிரிட்டிஷ்காரர் பேச்சுவழக்கில் ‘ஹாஃப் ஃபோர்’ என்றால் 4.30. தேக்கடி ஏரியில் கடைசிப் படகு 3.30-க்கு. இரண்டையும் குழப்பினால் டிக்கெட் எடுத்தவர் படகுத்துறையில் நிற்பார், படகு போயிருக்கும். விலையையும் நேரத்தையும் வாயால் சொல்வதோடு விடாதீர்கள், தாளில் எழுதிக் காட்டுங்கள்.

மறையூர்: சௌதியில் டிரைவராக இருந்து திரும்பினேன். பேச்சு அரபி வரும், எழுத வராது. பயன்படுமா?

தாராளமாக. வளைகுடாக் குடும்பங்கள் மழை பார்க்கவென்றே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூணாறுக்கும் தேக்கடிக்கும் வருகிறார்கள். மற்ற ஊர்க்காரர்கள் அதிகம் வராத மாதங்கள் அவை. எண்களை எழுத மட்டும் பழகிக்கொள்ளுங்கள். அங்கே வழங்கும் எண்வடிவம் வேறு.

கூடலூர்: எந்த மொழி படித்தால் நல்ல காசு? (இதையே இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள்.)

முதல் பதிலிலேயே இருக்கிறது: பிரெஞ்சு, ஜெர்மன்.

லோயர் கேம்ப்: மலையாளம் கட்டாயமா?

கட்டாயம். பயணிக்குக் கால் பிசகினால் டாக்டரிடமும் வனத்துறையிடமும் பேசப்போவது நீங்கள்தான்.

போடி: காட்டுக்குள் மன்னான், பளியர் பழங்குடி ஆட்கள் கூட்டிப்போகிறார்கள். சரியாக ஆங்கிலம் வராதவர்களை அனுப்பினால் பயணிக்கு என்ன புரியும்?

இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இப்படிப் பேசுகிறவர்கள் நம் தொழிலிலேயே இருக்கிறார்கள். பெரியாறு காட்டில் மூங்கில் தெப்பமும் நடைப்பயணமும் அவர்கள் கையில் இருப்பது யாரோ போட்ட பிச்சை இல்லை. அந்தக் காடு அவர்களுக்குத்தான் தெரியும். ‘டைகர் டிரெயில்’ என்கிற காட்டு நடைப்பயணத்தை நடத்துகிறவர்களில் முன்பு வயணப் பட்டை (காட்டு லவங்கப்பட்டை) உரித்துக் கடத்தியவர்களும் உண்டு. எந்த ஓடையில் யானை இறங்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

ஒருமுறை பளியர் ஒருவர் காட்டெருமைச் சாணியருகே குனிந்து, குச்சியால் பிளந்து பார்த்துவிட்டு ‘விடியக்காலை போயிருக்கு’ என்றார். எப்படித் தெரியும் என்று ஜெர்மன் அம்மா ஒருவர் கேட்டார். நான் தமிழில் கேட்டுச் சொன்னேன்: மேலே ஆடை காய்ந்துவிட்டது, உள்ளே இன்னும் ஈரம், வண்டு இப்போதுதான் துளைக்க ஆரம்பித்திருக்கிறது. அந்த அம்மா மண்டியிட்டு உட்கார்ந்து வண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போடி, மறுபடியும்: அப்படியானால் மொழி தேவையில்லை என்கிறீர்களா?

அவர் சொன்னதை ஜெர்மனில் சொல்ல ஆள் இல்லையென்றால் அந்த அம்மாவுக்கு அது வெறும் சாணி. அதற்குத்தான் மொழி. அவர் ஒரு வரி சொல்ல, நாம் புலிக்கதை சேர்த்து நாலு வரி ஆக்குவதுதான் தவறு.

வண்டிப்பெரியாறு: குறுக்கே வருகிறேன், அண்ணே. அவர்களே ஆங்கிலம் படித்துவிட்டால் உங்களுக்கு வேலை இருக்காதே?

படிக்கட்டும், தம்பி. படிக்க வருகிறவருக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன். எண்ணும் மணியும்தான் முதல் பாடம்.

ராஜாக்காடு: போனில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கும்போது எதற்குப் படிக்க வேண்டும்?

காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடையாது. மிச்சம் அடுத்த பதிலில்.

குமுளி, வீட்டில் தங்குமிடம் நடத்தும் சேச்சி: சமையலுக்கு என்னென்ன சொற்கள் தெரிய வேண்டும்?

நல்ல கேள்வி, சேச்சி. அலர்ஜி பற்றிய சொற்கள்தான் முதலில். ‘நட்ஸ் ஆகாது’ என்றால் முந்திரியா, வேர்க்கடலையா, இரண்டுமா, தேங்காய் சேருமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். செயலியை மட்டும் நம்பாதீர்கள். ஒரு தட்டில் முந்திரி, வேர்க்கடலை, தேங்காய்ச் சில்லு, எள் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டுங்கள், அவர்களே ஒதுக்குவார்கள். தேங்காய் ஆகாது என்றால் தேங்காய் எண்ணெயையும் சொல்லிவிடுங்கள். கோதுமை ஆகாது என்பவருக்கு இட்லி, சாம்பார் ஆபத்தில்லை என்று நினைப்போம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது சகஜம். டப்பாவைத் திருப்பி, என்ன சேர்த்திருக்கிறது என்று படியுங்கள். மாவு இருந்தால் அவருக்கு வைக்கும் சாம்பாரில் பெருங்காயமே வேண்டாம்.