பங்குனியில் பறிப்பவை: பூ, கொழுந்து, கொடி பற்றிக் கேள்வி பதில்

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முளைத்த கீரைகள் மாசிக்குள் முற்றிவிடும். அதற்கு மேல் மரங்களைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும். வேம்பு பூக்கும், புளி துளிர்க்கும். சின்ன வயதிலிருந்து இவற்றைப் பறித்துச் சமைத்து வருகிறேன். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இதோ.

அக்கா, வேப்பம்பூவை மரத்திலிருந்து பறிக்கணுமா? போன வருஷம் காய வைத்ததெல்லாம் கறுத்துப்போச்சு. (சேலத்திலிருந்து ஒரு தங்கை)

உதிர்ந்ததே போதும் தங்கச்சி. முந்தின நாள் சாயங்காலமே மரத்தடியைப் பெருக்கி, பழைய வேட்டி ஒன்றை விரித்துவிடு. விடிந்து வெயில் ஏறுவதற்குள் போய் அள்ளினால் தேன் வாசனையோடு இருக்கும். முறத்தில் போட்டு மெல்லப் புடைத்து, காம்பையும் எறும்பையும் நீக்கிவிடு.

பனி ஈரத்தோடு குவித்து வைத்ததால்தான் கறுத்திருக்கும். நிழலில் மெல்லிசாகப் பரப்பி 3, 4 நாள் காயவிடு. விரலில் நசுக்கினால் பொடியாக வேண்டும். அப்புறம் கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடிவிடு, வருஷம் முழுக்க வரும்.

ரசத்துக்கு ஒரு விஷயம். பூவை ரசத்தோடு கொதிக்க விடாதே, கசப்பு முழுக்க இறங்கிவிடும். ரசத்தை இறக்கிய பிறகு, ஒரு ஸ்பூன் நெய்யில் இரண்டு ஸ்பூன் பூவைக் காப்பிப்பொடி நிறத்துக்கு வறுத்து மேலே கொட்டு. அந்தச் சத்தமும் மணமும் வந்ததுமே எங்கள் வீட்டில் எல்லோரும் தட்டை எடுத்து வைத்துவிடுவார்கள்.

பிரண்டைத் துவையல் செய்தால் நாக்கு அரிக்கிறது. என்ன தப்பு? (திண்டுக்கல்)

ஒன்று, முற்றல் பிரண்டை. இல்லாவிட்டால் சரியாக வதக்கவில்லை. பிரண்டையில் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாக இருக்கிறது, அதுதான் குத்துகிறது. நுனியிலிருந்து இரண்டு மூன்று கணு மட்டும் கிள்ளுங்கள். நகம் வைத்தால் 'டக்' என்று ஒடியணும். நாராக இழுத்தால் விட்டுவிடுங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை வெட்டித் தள்ளி, நான்கு விளிம்பு நாரையும் உரித்துவிடுங்கள். அப்புறம் தாராளமாக நல்லெண்ணெய் விட்டு, பச்சை நிறம் போய்ச் சுருளும் வரை வதக்குங்கள். புளியைக் குறைக்கவே கூடாது. ஒருமுறை அவசரத்தில் அரைவதக்கலாக அரைத்துவிட்டேன். அன்று வீட்டில் ஒருவரும் இரண்டாவது வாய் வைக்கவில்லை.

வரப்பில் படர்ந்திருப்பது பருப்புக்கீரைதானா என்று எப்படித் தெரியும்?

தண்டைக் கிள்ளுங்கள். தண்ணீராகக் கசிந்து, இலை சதைப்பற்றோடு லேசாகப் புளித்தால் பருப்புக்கீரை. பால் வந்தால் அது அம்மான் பச்சரிசி வகை, சட்டியில் போட வேண்டாம். வரப்புக்குக் களைக்கொல்லி அடித்திருக்கிறார்களா என்று தோட்டக்காரரிடம் கேட்காமல் ஒரு இணுக்கு கூடப் பறிக்காதீர்கள். சாக்கடை ஓரத்துக் கீரையும் வேண்டாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இந்தக் கீரையை மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

வேலியோரம் ஒரு கிழங்கு தோண்டினேன். படம் அனுப்பினால் சொல்வீர்களா? (மூலனூர் பக்கம், ஒரு தம்பி)

சொல்ல மாட்டேன் தம்பி. கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பக்கம் கண்வலிக்கிழங்கை விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். நம் மாநிலப் பூவான செங்காந்தள்தான் அது. காய்ந்த கோடையில் கொடி வாடிப் போய்விடும், பூவைப் பார்த்து அடையாளம் காணவும் வழியில்லை. கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிர் போனவர்கள் உண்டு. அதிலுள்ள கோல்சிசின் என்ற விஷம் வேகவைத்தாலும் போகாது. தெரியாமல் யாராவது சாப்பிட்டுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் மீதிக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காளானுக்கும் இதே பதில்தான். கூடவே நின்று காட்டிக்கொடுக்கும் ஆள் இல்லாமல் தொடாதீர்கள்.

புளியங்கொழுந்தை என்ன செய்யலாம்?

செம்பு நிறத்தில் தளதளவென்று இருக்கும்போதே உருவிவிடுங்கள். பச்சையாக மாறினால் நார்தான். துவரம்பருப்பை வேகவைத்து, ஒரு கைப்பிடி கொழுந்து, பச்சைமிளகாய், மஞ்சள்தூள் போட்டுக் கடைந்து, பூண்டும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டுங்கள். தனியாகப் புளி சேர்க்க வேண்டாம். மண்சட்டியில் செய்தால் இன்னும் நன்றாக இருக்கும், மறுநாள் பழைய சோற்றுக்கும் ஆகும்.