கப்பலில் ஏறினால் வாக்கிங் என்னவாகும்? வாசகர் கேள்வி – பதில்

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் சுற்றுலா தொடங்கியது. அதன் பிறகு, கோடை என்றால் ஏற்காடு, ஊட்டி என்றிருந்த நம் பக்கத்துக் குடும்பங்களும் கடல் பயணத்துக்குப் பெட்டி கட்டுகின்றன. பெங்களூருவில் விமானம் பிடித்து, சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறுபவர்களும் உண்டு. கப்பலில் உடற்பயிற்சி, சாப்பாடு பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

தினமும் காலையில் 45 நிமிடம் நடப்பேன். நான்கு இரவு கப்பலில் போகிறோம். அங்கே நடக்க இடம் இருக்குமா? சேலையில் நடக்கலாமா? – வாசகி, கிருஷ்ணகிரி

இடம் இருக்கும். பெரும்பாலான கப்பல்களில் மேல்தளத்தில் நடைபாதை ஒன்று போட்டிருப்பார்கள். எத்தனை சுற்று நடந்தால் ஒரு மைல் என்று அதன் ஓரத்திலேயே பலகை இருக்கும். ஒரு மைல் என்பது 1.6 கிலோமீட்டர். பலகையில் 8 சுற்று என்றிருந்தால் ஒரு சுற்று 200 மீட்டர். நிதானமாக நடப்பவர்கள் 45 நிமிடத்தில் மூன்றரை கிலோமீட்டர் போவார்கள். அப்படியானால் 17, 18 சுற்று. எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருந்தால் அதன்படியே போங்கள். எதிர்த்திசையில் போனால் ஓடி வருபவர்கள்மீது மோத வேண்டியிருக்கும்.

கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். வெளி நடை என்று வைத்தால் அது ஜிபிஎஸ்ஸைப் பார்த்துக் கப்பல் போகிற தூரத்தையும் உங்கள் கணக்கில் எழுதிவிடும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வாக்கிங் போனதாகக் காட்டும். உள்ளரங்க நடை என்று மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது காலடிக் கணக்கை மட்டும் பாருங்கள்.

காற்றையும் யோசிக்க வேண்டும். கப்பல் 18 நாட் வேகத்தில் போகிறது என்றால் மணிக்கு சுமார் 33 கிலோமீட்டர். கடலில் காற்றே இல்லாவிட்டாலும் கப்பலின் முன்பக்கம் நோக்கி நடக்கும்போது அந்த வேகத்தில் முகத்தில் அடிக்கும். பாதிச் சுற்று மூச்சு வாங்கும், மீதிப் பாதி யாரோ பின்னால் தள்ளுவதுபோல் இருக்கும். அதனால் வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பாருங்கள். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான அளவு. இந்தக் காற்றில் வெயில் உறைக்காது என்பது இன்னொரு சிக்கல். எட்டு மணிக்கு மேல் நடந்தால் தோல் கன்றிப்போவது சாயங்காலம்தான் தெரியும்.

விடிகாலையில் தளத்தைக் கழுவிவிடுவார்கள். உப்பு ஈரமும் சேர்ந்து வழுக்கும். ஆறரைக்கு மேல், தரை காய்ந்த பிறகு இறங்குங்கள். சேலை வேண்டாம், அந்தக் காற்றில் முந்தானையைப் பிடிப்பதா, கைப்பிடியைப் பிடிப்பதா என்று ஆகிவிடும். சுடிதாரும், அடியில் ரப்பர் பிடிப்புள்ள ஷூவும் போதும். ஷூவைப் புதிதாக வாங்கினால் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுப் பழக்குங்கள். இல்லையென்றால் முதல் நாளே குதிகாலில் கொப்புளம்.

ஓசூரில் தினமும் ஜிம் போகிறேன். கப்பல் ஜிம்மில் டிரெட்மில்லில் ஓடினால் தலை சுற்றும் என்கிறான் நண்பன். உண்மையா? – வாசகர், ஓசூர்

கடல் அமைதியாக இருந்தால் ஒன்றும் ஆகாது. அலை எழுந்தால் நண்பர் சொல்வது சரி. பல கப்பல்களில் ஜிம்மை மேல்தளத்தின் முன்மூக்கில்தான் வைத்திருக்கிறார்கள். கண்ணாடி வழியாகக் கடல் தெரியும், பார்க்க அழகுதான். ஆனால் கப்பலின் ஆட்டம் அதிகமாகத் தெரிகிற இடமும் அதுதான். முன்பக்கம் ஏறும்போது உடம்பு கனக்கும், இறங்கும்போது லேசாகும். பெல்ட் அதன் பாட்டுக்கு ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, உங்கள் கால் மட்டும் ஒரு நொடி முந்தியோ பிந்தியோ தரையைத் தொடும். கணுக்கால் பிசகுவது அப்படித்தான்.

கையை எடுத்துவிட்டு ஒரே இடத்தில் 20 நொடி நின்று பாருங்கள். காலை மாற்றி வைக்காமல் நிற்க முடியவில்லை என்றால் அன்றைக்கு டிரெட்மில் கிடையாது. உட்கார்ந்து செய்கிற சைக்கிள், ரோயிங் மெஷின் இரண்டும் பத்திரம். டிரெட்மில்தான் வேண்டும் என்றால் ஓட்டத்தை விட்டு, சாய்வை 4, 5 என ஏற்றி, மணிக்கு 5 கிலோமீட்டரில் நடங்கள். அதுவே நன்றாக வியர்க்கும். அவசர நிறுத்தக் கிளிப்பைச் சட்டையில் மாட்டாமல் ஏறாதீர்கள். ஊரில் யாரும் அதைத் தொடுவதில்லை, கப்பலில் அது வேண்டும்.

எடை தூக்குபவர்கள் ஆட்டம் உள்ள நாளில் தலைக்கு மேல் தூக்கும் எதையும் செய்ய வேண்டாம். பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு காலும் தரையில் ஊன்றி, ஊரில் தூக்குவதில் முக்கால் பங்கு எடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டம்பெல்லைத் தரையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அது உருண்டு அடுத்தவர் காலுக்கு வரும்.

மாலை 5 முதல் 7 வரை ஜிம்மில் இடம் கிடைப்பது கஷ்டம். கப்பல் ஊர்க் கரையில் நிற்கும் நேரம்தான் காலியாக இருக்கும், ஆட்டமும் இருக்காது. அறையிலேயே செய்ய வேண்டுமென்றால் ரப்பர் பேண்ட் ஒன்றை மடித்துப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அதைக் கதவுக் கைப்பிடியிலோ பால்கனிக் கம்பியிலோ மாட்டி இழுக்கக் கூடாது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தில் சுற்றி, முழங்கை விலாவை உரசும்படி பின்னால் இழுங்கள். 12 முறை, மூன்று சுற்று. மேசை விளிம்பில் கை ஊன்றி தண்டால், சோபாவிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது 15 முறை. கட்டிலுக்கும் சோபாவுக்கும் இடையில் ஒரு பாய் விரிக்கிற இடம் இருந்தாலே இத்தனையும் முடியும். குளியலறை வாசலில் தரையைவிட உயர்ந்த படி ஒன்று இருக்கும். வெறுங்காலில் திரும்பும்போது விரலை அதில் இடித்துக்கொள்ளாதவர் குறைவு.

அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார். கப்பலில் நடைப்பயிற்சி செய்யலாமா? – வாசகர், பாலக்கோடு

தாராளமாகச் செய்யலாம். ஆனால் வீட்டில் இல்லாத ஓர் அபாயம் அங்கே உண்டு: சாப்பாட்டு நேரம் தள்ளிப்போவது. கிளிமிபிரைடு, உணவு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். மாத்திரையைப் போட்டுவிட்டு, சூரிய உதயம் பார்க்கலாம் என்று மேலே போய் ஒரு மணி நேரம் நடந்து, ஒன்பதரைக்கு டிபன் வரிசையில் நின்றால், வரிசையிலேயே கை நடுங்கி வியர்க்கும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்தத் தாழ்சர்க்கரை பயம் மிகக் குறைவு.

டாக்டர் எழுதித் தந்த முறைப்படி, மாத்திரையை முதல் வேளை உணவோடு சேர்த்தே கொடுங்கள். முதலில் டிபன், அரை மணி கழித்து நடை. கையில் குளுக்கோமீட்டர் இருக்கட்டும். நடக்கப் போகும்முன் 100க்குக் கீழே இருந்தால் சின்ன வாழைப்பழம் ஒன்று சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். 70க்குக் கீழே என்றால் நடையே வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 250க்கு மேலே இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்கு ஓய்வு, கப்பல் டாக்டரைப் பாருங்கள். அங்கே கட்டணம் அதிகம், அதனால் பயணக் காப்பீட்டில் சர்க்கரை நோயைச் சொல்லியே எடுங்கள். மறைத்து எடுத்தால் பணம் வராது.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டபின் 15 நிமிடம் நடப்பது அவருக்கு நல்லது. உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அது நேரடியாகப் பிடித்து இறக்கும். கப்பலில் உணவகத்திலிருந்து அறைக்குச் சுற்றுவழியில் போனாலே இந்த 15 நிமிடம் ஆகிவிடும்.

சிங்கப்பூர்க் கப்பல் என்றால் அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். காலை மாத்திரைக்கும் முந்தைய நாள் மாத்திரைக்கும் இடைவெளி அவ்வளவு குறையும். கிளம்பும்முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாத்திரை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டி உங்கள் அறைக்கு வந்துசேர சில மணி நேரம் ஆகும்.

செருப்பில்லாமல் தளத்தில் நடக்கவிடாதீர்கள். மதிய வெயிலில் தரை சுடும். காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சுட்டது தெரியாது. இரவில் பாதத்தை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது அவசியம்.

காவேரிப்பட்டினத்தில் இருக்கிறோம். எனக்கு முட்டிவலி. கப்பலில் லிஃப்டிலேயே போய்வந்தால் போதாதா? – வாசகி

ஏறுவதற்குப் படி, இறங்குவதற்கு லிஃப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது தொடைத் தசை உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டியிருப்பதால் முட்டியில் அழுத்தம் அதிகம். வலிக்கிறது என்று படியையே தொடாமல் இருந்துவிடவும் கூடாது, காரணம் இருக்கிறது. கப்பலில் முதல் நாளே பாதுகாப்பு ஒத்திகை நடத்துவார்கள். அவசரம் என்றால் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது, எல்லோரும் படியில்தான் போக வேண்டும். உங்களுக்கு முடியாது என்றால் டிக்கெட் போடும்போதே சொல்லி, ஒன்றுகூடும் இடத்துக்குப் பக்கத்தில் அறை கேளுங்கள்.

ஆறு வாரம் இருந்தால் இங்கேயே தயாராகலாம். முதல் இரண்டு வாரம் கிருஷ்ணகிரி அணைப் பூங்கா மாதிரி சமதளத்தில் நடை, வீட்டில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் 10 முறை எழுந்து உட்காருவது, காலையும் மாலையும். மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு மாடி ஏறுங்கள். வலி கூடாவிட்டால் வாரத்துக்கு ஒரு மாடியாகக் கூட்டுங்கள். கிருஷ்ணகிரி கோட்டை மலை உங்களுக்கு வேண்டாம், செங்குத்து. ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்க நேர்ந்தால் வலிக்கிற கால் முதலில். கை எப்போதும் கைப்பிடியில்.

சென்னைக்கு ஐந்து மணி நேரத்துக்குக் குறையாத பயணம். கால் வீங்கியபடி கப்பல் ஏறாமலிருக்க, ஆம்பூர், வேலூர் பக்கம் வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் நடங்கள். உட்கார்ந்தபடியே அரை மணிக்கு ஒருமுறை குதிகாலையும் விரலையும் மாற்றி மாற்றி 20 முறை தூக்குங்கள்.

வீட்டில் ராகிக் களியும் கீரைக் குழம்பும்தான். கப்பல் பஃபேயில் எப்படிச் சமாளிப்பது? ராகி மாவு எடுத்துப் போகலாமா? – வாசகர், அரூர்

மாவு எடுத்துப் போய்ப் பயனில்லை. கெட்டில், அடுப்பு எதையும் அறைக்குக் கொண்டுபோகப் பெரும்பாலான கப்பல்களில் அனுமதி கிடையாது. வெந்நீரை ஊற்றினால் ராகி வேகாது, வயிறுதான் உப்பும். பொட்டுக்கடலை மாவு ஏற்கெனவே வறுபட்டது. அதைத் தயிரிலோ மோரிலோ கரைத்துக் குடிக்கலாம். தயிர் பஃபேயில் கிடைக்கும். பொட்டலத்தைப் பிரிக்காமல் கொண்டுபோங்கள், வெளிநாட்டுக் கரையில் இறங்கும்போது கையில் எடுத்துப் போகாதீர்கள்.

பஃபேயில் முதலில் வெறுங்கையோடு ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பிறகு சின்னத் தட்டை எடுங்கள். பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு பருப்போ மீனோ, கால் தட்டு சோறு. இரண்டு குலாப் ஜாமூன் சுமார் 300 கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவது 200 சொச்சம்தான். ஜிம்முக்குப் போனேன் என்று சாப்பிடுகிறவர்கள் தோற்பது இந்தக் கணக்கில். ஒருநாள் ஜாமூன் சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது? மூன்று வேளையும் வேண்டாம், அவ்வளவுதான்.

தட்டைத் தொடும்முன் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவுங்கள். கப்பலில் பரவும் நோரோ வைரஸ் வயிற்றுப்போக்குக்கு வாசலில் இருக்கும் சானிடைசர் மட்டும் போதாது.

எனக்கு பஸ்ஸிலேயே வாந்தி வரும். கப்பலில் யோகா செய்ய முடியுமா? – வாசகி, பென்னாகரம்

அறை எடுக்கும்போதே கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள்; ஆட்டம் அங்கேதான் குறைவு. ஆவோமின் போன்ற மாத்திரை, குமட்டல் வந்த பிறகு போட்டால் அவ்வளவாக வேலை செய்யாது, முன்கூட்டியே போட வேண்டும். அது தூக்கம் வரவழைக்கும், அதனால் போட்ட அன்று ஜிம் மெஷின் வேண்டாம். கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), புராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

சூரிய நமஸ்காரம், சிரசாசனம் என்று தலை கீழே போகும் ஆசனங்களை ஆட்டம் உள்ள நாளில் விடுங்கள். தலை சாயச் சாய, உள்காது சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாமல் குமட்டும். நின்று செய்வதானால் கப்பல் போகிற திசையைப் பார்த்துக் காலை அகட்டி நில்லுங்கள். கப்பல் பக்கவாட்டில் சாயும்போது தாங்கும். கண்ணை மூடாமல் தூரத்துத் தொடுவானத்தைப் பார்த்தபடி, உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்வது இன்னும் நல்லது. வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. இரண்டு பிஸ்கட் போதும்.

9 வயது மகனை ஜிம்முக்குக் கூட்டிப் போகலாமா? – வாசகர், ஊத்தங்கரை

விடமாட்டார்கள். பல கப்பல்களில் 16 வயது ஆகியிருக்க வேண்டும். நீச்சல் குளம், கூடைப்பந்துத் திடல், ஏறு சுவர் என்று அவனுக்கு வேறு இடம் உண்டு. அலை அதிகமான நாளில் குளத்தை வடித்து வலை போட்டுவிடுவார்கள் என்று முன்பே சொல்லிவையுங்கள், அழுகை மிச்சம்.

பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். நடந்து முடித்துச் சுடுநீர்த் தொட்டியில் உட்காரலாமா? – வாசகர், தருமபுரி

நடந்த உடனே வேண்டாம். பயிற்சியில் விரிந்த ரத்தக் குழாய் சுடுநீரில் இன்னும் விரியும். மாத்திரையும் சேர்ந்தால் எழும்போது பிபி சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். அரை மணி ஆறவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு இறங்குங்கள். பத்து நிமிடம் போதும். எழும்போது முதலில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு, கம்பியைப் பிடித்து எழுங்கள். மது குடித்திருந்தால் அன்றைக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.