நாற்பது மெயில், இரண்டு பதில்

கேள்வி: தாவர உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) இடம் கேட்டு நாற்பது பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன். இரண்டே பேர் பதில் போட்டார்கள், அதுவும் ‘இப்போது நிதி இல்லை’ என்று. நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: நீங்கள் இணைத்திருந்த மெயிலைப் படித்தேன். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்களின் சிறப்பான ஆய்வுகளால் ஈர்க்கப்பட்டு...’ என்று ஆரம்பிக்கிறது. அந்த நாற்பது பேரில் பெண் பேராசிரியர் ஒருவர்கூடவா இல்லை? உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கும் இல்லைதான். ஒரு காலத்தில் ஒருவருக்குப் போகவேண்டிய கடிதத்தில் இன்னொருவர் பெயரைப் போட்டு அனுப்பியவன் நான். ஆனால் எல்லோருக்கும் ஒரே கடிதம் போனால், முதல் வரியிலேயே அது தெரிந்துவிடும்.

யாருக்கு எழுதுகிறீர்களோ, அந்தப் பேராசிரியருடைய கட்டுரை ஒன்றை முழுதாகப் படியுங்கள். அப்புறம் இப்படி ஆரம்பியுங்கள்: ‘வறட்சியில் வேர் ஆழமாக வளர்வதற்கு நீங்கள் காட்டிய மரபணுவை நான் உப்பு நிலத்தில் சோதித்தேன். எனக்கு நேர்மாறான முடிவு வந்தது.’ இதைப் படிப்பவருக்கு மேலே என்ன என்று கேட்கத் தோன்றும். அடுத்த நான்கைந்து வரிகளில் உங்களுக்குக் கைவந்த செய்முறைகள், அங்கே செய்ய நினைப்பது, எப்போது சேர முடியும் என்பது. கூடவே சி.வி. போதும், ஆய்வேட்டை இணைக்காதீர்கள்.

சரி, இடங்கள் எங்கே இருக்கின்றன? யூராக்ஸஸ், நேச்சர் கேரியர்ஸ், ஜாப்ஸ்.ஏசி.யூகே ஆகிய வேலைவாய்ப்பு இணையதளங்களில் விளம்பரங்கள் வரும். பெரும்பாலும் அவை பேராசிரியருக்கு ஏற்கெனவே கிடைத்த திட்ட நிதியில் உருவானவை. வேலை அவருடைய திட்டத்துக்கானது. சில விளம்பரங்கள் வெளியாகும்போதே யாரை எடுப்பது என்பது பேராசிரியர் மனதில் இருக்கும். அதற்காக விண்ணப்பிக்காமல் விடவேண்டாம், அதை மட்டுமே நம்பியும் இருக்கவேண்டாம்.

இன்னொரு வழி, நிதியை நீங்களே கொண்டுபோவது. ஐரோப்பாவின் மேரி ஸ்க்வொடோவ்ஸ்கா கியூரி ஃபெலோஷிப் (ஆய்வு நிதியுதவி) அப்படிப்பட்டது. பொதுவாக, முனைவர் பட்டத்துக்குப் பிறகு 8 ஆண்டு என்று ஒரு வரம்பு உண்டு. கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், போகவிருக்கும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கவும் கூடாது. ஜெர்மனிக்குப் போவதென்றால் ஹம்போல்ட் ஃபெலோஷிப் இருக்கிறது. இரண்டுக்குமே உங்களை ஏற்றுக்கொள்ளும் ஆய்வாளர் ஒருவர் முன்கூட்டியே சம்மதிக்கவேண்டும். அவரோடு சேர்ந்து ஆய்வுத் திட்டம் எழுதவே மாதக்கணக்கில் ஆகும். முடிவு வரவும் மாதங்கள் பிடிக்கும். கையில் பட்டம் வந்த பிறகு இந்த வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருந்தால் ஓராண்டு வீணாகிவிடலாம்.

பரிந்துரைக் கடிதம் தருபவர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள். கடைசித் தேதிக்கு முந்தைய இரவு கேட்டு வாங்கும் கடிதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு ஆய்வுக்கூடம் பிடித்திருந்தால், அங்கிருந்து வெளியேறிய போஸ்ட்டாக் ஒருவரிடம் பேசிப் பாருங்கள். உள்ளே இருப்பவர் சொல்லத் தயங்குவதை அவர் சொல்வார்.

கடைசியாக, பதில் போட்ட அந்த இரண்டு பேர். அவர்கள் நிதி இல்லை என்றார்களே தவிர, நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வாரமே அவர்களுக்கு எழுதுங்கள்: ‘நான் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்தால், உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஏற்றுக்கொள்வீர்களா?’