அப்பா வாங்கிய மனை, தாத்தா வீட்டு வாடகை: சொத்தும் வரியும் கேள்வி-பதில்

கே: அப்பா 1994-இல் வாங்கிய மனை. 2010-இல் உயில் எழுதாமல் காலமானார். அம்மா, அக்கா, நான் மூவரும் சேர்ந்து 2025 டிசம்பரில் 60 லட்சத்துக்கு விற்றோம். பணம் முழுவதும் என் கணக்கில் வந்தது. வரி எனக்கு மட்டும்தானா?

ப: இல்லை. வங்கிக் கணக்கு உரிமையைத் தீர்மானிப்பதில்லை. மனை அப்பாவின் சுயசம்பாத்தியம் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 8-ஆம் பிரிவுப்படி மூவருக்கும் சமபங்கு. (2010-இல் அப்பாவின் தாயார் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பாட்டியை மறந்து எழுதிய பத்திரங்கள் ஏராளம்.) ஆளுக்கு 20 லட்சம் விலை, தனித்தனிக் கணக்கு.

வாரிசாக வந்த சொத்துக்கு அப்பாவின் கொள்முதல் விலையும் தேதியுமே உங்களுடையவை. 2001-க்கு முன் வாங்கியது என்பதால் 1.4.2001 சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பு (பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் விலை) கிடைத்தால் அதைத் தாண்டக் கூடாது. மதிப்பீட்டாளர் அறிக்கை வாங்குமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள். பலர் இந்த வரிசையை மாற்றிச் செய்து, நோட்டீஸ் வந்தபின் ஓடுகிறார்கள்.

2001-இல் உங்கள் பங்கின் மதிப்பு 2 லட்சம் என்று வையுங்கள். விலைவாசி உயர்வுக்கு ஏற்ப பழைய விலையை உயர்த்திக் காட்டும் பணவீக்கக் குறியீடு 2025-26-க்கு 376, அதாவது 2001 மதிப்பைப் போல 3.76 மடங்கு. ஆக அடக்க விலை 7.52 லட்சம், லாபம் 12.48 லட்சம். 20 சதவீத வழியில் வரி சுமார் 2.50 லட்சம். குறியீடு இல்லாத 12.5 சதவீத வழியில் லாபம் 18 லட்சம், வரி 2.25 லட்சம். (4 சதவீத செஸ் தனி.) அந்த ஆண்டு விற்பனைக்கு ஒரு குறுக்குவழி: விற்ற விலை 2001 மதிப்பைப் போல 8.36 மடங்குக்கு மேல் என்றால் 12.5 சதவீத வழியில் வரி குறைவு, அதற்குக் கீழே என்றால் 20 சதவீத வழியில். இந்தத் தேர்வு 23.7.2024-க்கு முன் கைக்கு வந்த சொத்துக்கு, உள்நாட்டில் வசிக்கும் தனிநபருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும்.

வரியைத் தவிர்க்க மூலதன ஆதாயப் பத்திரம் (சொத்து விற்ற லாபத்தை முதலீடு செய்யும் கடன் பத்திரம்) வாங்குவதானால் ஆளுக்கு 50 லட்சம் வரை, விற்ற 6 மாதத்துக்குள், ஐந்தாண்டு முடக்கம். மொத்த விலை 50 லட்சத்தைத் தாண்டியதால் வாங்கியவர் ஒவ்வொருவர் பங்கிலும் 1 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்திருக்க வேண்டும். அது மூவர் பான் எண்ணிலும் ஏறியிருக்கிறதா பாருங்கள்.

கே: தாத்தா சொந்தமாகச் சம்பாதித்த வீடு 1990-இல் உயிலின்றி அப்பாவுக்கு வந்தது. வருமான வரியில் வாடகையை அப்பாவின் வருமானமாக அல்லாமல் இந்துக் கூட்டுக் குடும்பத்தின் (எச்.யூ.எஃப்.) வருமானமாகக் காட்டலாமா?

ப: கூடாது. 1986-இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: 8-ஆம் பிரிவில் மகனுக்கு வருவது அவருடைய தனிச்சொத்து, பேரனுக்கு அதில் பிறப்புரிமை கிடையாது. செல்வ வரி (சொத்து மதிப்பின் மேல் அன்று இருந்த வரி) வழக்கில் வந்த தீர்ப்பு, பாகப்பிரிவினை வழக்குகளில்தான் இன்று அதிகம் எடுத்துக்காட்டப்படுகிறது. அப்பாவே அதைக் குடும்பச் சொத்தாக அறிவித்தாலும் வாடகை அவர் வருமானத்தில்தான் சேரும்.

கே: பேசிய விலை 40 லட்சம், வழிகாட்டி மதிப்பு 46. பத்திரத்தில் 40 போடலாமா?

ப: முத்திரைத்தாள் 46-க்குத்தான். வருமான வரியில் 10 சதவீதம், அதாவது 44 லட்சம் வரை பொறுத்துக்கொள்வார்கள். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். விற்பவருக்கு 46 லட்சமே விலை. வாங்குபவருக்கு இடைவெளி 6 லட்சமும் வருமானம். ஒரே இடத்தில் இரண்டு அடி.

ஒப்பந்தம் போட்ட நாளில் மதிப்பு குறைவாக இருந்திருந்தால் அதையே எடுக்கலாம். ஆனால் அட்வான்ஸின் ஒரு பகுதியாவது அன்றோ அதற்கு முன்போ காசோலையிலோ ஆன்லைனிலோ போயிருக்க வேண்டும். ரொக்கம் உதவாது. தவிர, நிலத்துக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம்.

கே: பட்டா, வீட்டு வரி ரசீது இரண்டும் என் பெயரில். இது போதுமா?

ப: போதாது. இவை சொத்து உங்கள் அனுபவத்தில், அதாவது கைவசம், இருப்பதற்குச் சாட்சி, உரிமைக்கு அல்ல. தாய்ப்பத்திரத்தை (சொத்து முன்பு யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று காட்டும் மூலப் பத்திரம்) தேடுங்கள்.