சின்னம்மை எதனால் வருகிறது? யாருக்கெல்லாம் தொற்றும்?

உடல் சூட்டால் வருவதல்ல. வேரிசெல்லா சோஸ்டர் என்ற வைரஸ்தான் காரணம். நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் காற்றில் பரவும். கொப்புளத்து நீர் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும்.

இதில் சிக்கலே, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடுவதுதான். அதனால் “தெரிந்ததும் தள்ளி வைத்தோமே, எப்படி வந்தது?” என்று யாரும் தங்களை நொந்துகொள்ள வேண்டாம். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை பரவும். கிருமி உள்ளே போய் 10 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல், அசதி, பிறகு அரிப்போடு சிவந்த புள்ளிகள். அவை நீர் கோத்துக் கொப்புளமாகும். பழையது காய்கையில் பக்கத்திலேயே புதிது கிளம்பும்.

முன்பு வராதவர்கள், தடுப்பூசி போடாதவர்கள் எவருக்கும் வரலாம். ஒரே வீட்டில் இருந்தால் இவர்களில் 10 பேரில் 9 பேருக்குத் தொற்றிவிடும். குழந்தைகள் பெரும்பாலும் எளிதாகத் தேறிவிடுவார்கள். பெரியவர்களுக்குக் கடுமையாகும், நிமோனியாகூட வரலாம். கர்ப்பிணிகள், பச்சிளங்குழந்தைகள், புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் நோயாளி அருகில் இருந்திருந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

அக்கி வந்தவரின் கொப்புளத்திலும் இதே வைரஸ்தான். அவரிடமிருந்தும் சின்னம்மை தொற்றும்.